விடைப் பக்கம்

கையெழுத்துப் போடவேண்டிய கட்டம் தாளின் அடியில், வலது ஓரத்தில் இருந்தது. பேனாவும் மூடி கழற்றிக் கையில் இருந்தது. ஆனால் சண்முகக்கனியின் கண் மட்டும் மேலே நாலாவது வரியை விட்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. நூற்றுப் பதினெட்டாம் பக்கம், விடைகள், பயிற்சி பன்னிரண்டு, நாலாவது விடை: ஏ ஹவர். அவ்வளவுதான். ஏ, பிறகு ஒரு சின்ன இடைவெளி, பிறகு ஹவர். அச்சில் பார்க்க அது ஒரு குறையும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. ஆசிரியர் அனுப்பிய கையெழுத்துப் பிரதியை இழுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதிலும் ஏ ஹவர். அப்படியானால் சரி. பிரதியில் இருப்பது புரூப்பில் இருக்கிறது, புரூப்பில் இருப்பது புத்தகத்தில் இருக்கும், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டாயிரம் பேர் அதைப் பார்த்து எழுதுவார்கள், அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். சிவகாசியில் மே மாதத்து இரண்டு மணி வெயில் தகரக் கூரை வழியாக அவள் உச்சந்தலைக்கே நேராக இறங்கிக்கொண்டிருந்தது. காற்றாடி சூடான காற்றையே சுற்றிச் சுற்றிக் கொடுத்தது. கீழே அச்சு மிசின் சும்மா நிற்கிறது. எட்டுப் பாரத்தில் ஏழு ஓடி முடித்து, மடித்து, அடுக்கியாகிவிட்டது. இந்தக் கடைசிப் பாரம், பதினாறு பக்கம், அதுதான் பாக்கி. அவள் கையெழுத்துப் போட்டால் பிளேட் போடுவார்கள், பிளேட் போட்டால் மிசின் ஓடும், ஆறு மணிக்கு லாரி. எல்லாம் அவளுடைய இரண்டு எழுத்துப் பெயரில் வந்து நிற்கிறது. போடு கனி. போட்டுவிட்டு எழுந்திரு. ஆனால் அந்த ஏ ஹவர் தொண்டையில் மீன்முள் மாதிரி எங்கேயோ நின்றுகொண்டு, விழுங்கவும் வராமல் வெளியே துப்பவும் வராமல் உறுத்தியது. எழுத்தில் உறுத்தவில்லை. வாயில்தான் உறுத்தியது. இத்தனை வருஷத்தில் வாயில் எதுவும் உறுத்தியதே இல்லையே என்று நினைத்தாள். ஏனென்றால் இத்தனை வருஷமும் வாய்விட்டு வாசிப்பது காமாட்சியின் வேலை. காமாட்சி பிரதியை வாசிக்க, கனி புரூப்பில் விரல் வைத்துக்கொண்டு போவாள். இன்று முதலாளி அண்ணாச்சி வீட்டுக் கல்யாணம், இராஜபாளையத்தில். பாதிப் பிரஸ் அங்கேதான் பந்தியில் இருக்கிறது, காமாட்சியும்தான். அதனால் கனி தானே வாசித்து, தானே கேட்டு, தானே விரல் வைத்துக்கொண்டு வந்தாள். நாலாவது விடையில் நாக்கு இடறியது.

இடறினால் என்ன, உனக்கு என்ன வந்தது. உன் வேலை ஒப்பிடுவது. சரியா தப்பா என்று பார்ப்பது உன் வேலை இல்லை, இரண்டும் ஒன்றா என்று பார்ப்பதுதான் உன் வேலை. இதை அண்ணாச்சி சொல்லிப் பதினாலு வருஷம் ஆயிற்று. சொன்ன நாளை அவள் மறக்கவில்லை, மறக்க விடவும் மாட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், ஐந்தாம் வகுப்புப் புத்தகம், ஒருமை பன்மை. கேட், கேட்ஸ். டாக், டாக்ஸ். ஷீப் என்று வந்த இடத்தில் எதிரே மறுபடியும் ஷீப் என்றே இருந்தது. அடடா, ஆசிரியர் அவசரத்தில் ஓர் எஸ் விட்டுவிட்டாரே என்று பிரியத்தோடு, ஆமாம் பிரியத்தோடுதான், அந்த எஸ்ஸை அவளே போட்டுக் கொடுத்தாள். ஷீப்புக்குப் பன்மையும் ஷீப்தான். புத்தகம் வந்த மறுநாள் அந்த ஆசிரியர் நேரிலேயே வந்துவிட்டார். எல்லாரும் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து வைத்திருந்த நேரம். "ஒரு ஆட்டை ரெண்டு ஆடாக்கத் தெரியாதவளுக்கு இலக்கணப் புத்தகத்துல என்னய்யா வேலை?" என்று கேட்டார். அவளைப் பார்த்துக்கூடக் கேட்கவில்லை. அண்ணாச்சியைப் பார்த்துக் கேட்டார். யாரோ சிரித்தார்கள். அதன் பிறகு ஆறு மாதத்துக்கு அவள் மாடிப்படி ஏறினால் பைண்டிங் பக்கத்திலிருந்து மே மே என்று ஒரு குரல் கேட்கும். அன்றைக்கு அவள் கண்ணையும் காதையும் இழுத்து மூடிக்கொண்டாள். எழுத்தை எழுத்தாக மட்டும் பார்த்தாள். படிக்கட்டை எண்ணுகிற மாதிரி. எந்த வீட்டுக்குப் போகிற படிக்கட்டு என்று கேட்காமல். அப்படித்தான் இங்கிலீஷ் புத்தகம் இருநூறுக்கு மேல் அவள் விரலடியில் போயிருக்கிறது. ஒரு வாக்கியம்கூட உள்ளே இறங்காமல் போயிற்றா என்றால், அதையும் சொல்ல முடியாது. தண்ணீர் ஓடின வாய்க்காலில் ஈரம் இல்லாமல் இருக்குமா. இந்தப் புத்தகத்தின் ஆசிரியர் ஏசுவடியான் சார். சாத்தூரில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், கோபக்காரர் என்று அண்ணாச்சியே பயப்படுவார். பிரதியின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில், பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்: எழுத்துக்கு எழுத்து இப்படியே வரவேண்டும். யாரும் கை வைக்கக் கூடாது. கீழே இரண்டு கோடு. அதற்கும் கீழே அவருடைய போன் நம்பர். அந்த இரண்டு கோட்டையும் கனி திரும்பப் பார்த்தாள். பேனா தாளைத் தொட்டது. ஒரு புள்ளி விழுந்தது. புள்ளியோடு நின்றது.

ஒப்பிட்டால் போதும் என்றால், போன வருஷம் என்ன ஆயிற்று? அதை நினைக்கவே கூடாது என்று வைத்திருந்தாள். நினைக்கக் கூடாது என்று வைத்தவைதான் இந்த மாதிரி நேரத்தில் முதல் ஆளாக வந்து நிற்கும். மகள் சுபிக்ஷா அப்போது ஆறாவது. பள்ளிக்கூடத்தில் பயிற்சிப் புத்தகத்திலிருந்து சொல்லுக்குச் சொல் பொருள் தேர்வு வைத்தார்கள். பட்டியலில் இருபது சொல், தேர்வில் முதல் பதினைந்து. பிள்ளைக்கு ஆறு. மீதி ஒன்பதுக்கும் சிவப்புப் பெருக்கல் குறி. "சரியாத்தாம்மா எழுதினேன்" என்று தாளை நீட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றாள். கனி விடைப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். பிள்ளை எழுதியது வேறு, புத்தகத்தில் இருப்பது வேறு. "அச்சுல வந்தது பொய் சொல்லுமா? புக்கு போட்டவங்களுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருச்சோ?" என்று அதட்டினாள். ஒன்பதையும் புத்தகத்தில் உள்ளபடியே பத்துப் பத்துத் தடவை எழுத வைத்தாள். சுபிக்ஷா அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. ஏன்ஷியன்ட் என்றால் பயந்தவன் என்று பத்துத் தடவை எழுதினாள், எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் ஒரு தடவை அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். பத்துத் தடவை பார்த்தாள். இரண்டு நாள் கழித்துத்தான் கனிக்கு மனசு கேட்காமல் பிரஸ்ஸில் பழைய பிரதியைத் தூசி தட்டி எடுத்தாள். ஏழாவது விடை பிரதியில் இருக்கிறது, புத்தகத்தில் இல்லை. ஒரு வரி விழுந்துவிட்டது. பொருளைப் பார்த்து வாசித்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். அதற்குக் கீழே எல்லாம் ஒவ்வொரு படி மேலே ஏறிக்கொண்டு, எட்டாவது கேள்விக்கு ஒன்பதாவது விடை, ஒன்பதுக்குப் பத்து. பக்கத்தின் அடியில் வலது ஓரத்தில் கையெழுத்து. கனி. அவளுடைய கனி. பிள்ளை சரியாக எழுதியதைத் தப்பாக்கியது வாத்தியார் இல்லை, புத்தகம் இல்லை, அவள். அதை இன்று வரைக்கும் சுபிக்ஷாவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது. சொன்னால் அந்தப் பிள்ளை இனி எந்தப் புத்தகத்தை நம்பும், எந்த அம்மாவை நம்பும். சொல்லாமலே வருஷம் ஓடிவிட்டது, பிள்ளை இப்போது ஏழாவது போகப் போகிறாள். ஏழாவது. இந்தப் புத்தகம். கனி பேனாவை மேஜையில் வைத்தாள். கை வைத்தால் ஷீப். கை வைக்காமல் விட்டால் ஏன்ஷியன்ட். இரண்டு பக்கமும் சூடு, நடுவில் அவள் உட்கார்ந்திருக்கிறாள், புழுங்கிப்போய், முதுகில் ரவிக்கை ஒட்டிக்கொண்டு.

"கனியக்கா!" என்று கீழேயிருந்து குரல் வந்தது. மிசின்மேன் தங்கமாரி. "பக்கம் தாரீங்களா, இல்ல நானும் கல்யாணத்துக்குப் போய்ப் பாயசம் குடிக்கட்டுமா?"

"செத்த இரு, தங்கமாரி."

"ஆஃபனவர்தான்க்கா டயம்! ஆஃபனவர்ல ஏத்தலேன்னா லாரி போயிரும், பாத்துக்கிடுங்க!"

சரி சரி என்று சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுபோனாள். ஆஃபனவர். தங்கமாரி எட்டாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போகாதவன். இங்கிலீஷை அவன் வேலை நடக்கிற இடத்திலும் டீக்கடையிலும்தான் பொறுக்கினான். ஆஃபனவர். எல்லாரும் சொல்வதுதான். பஸ் கண்டக்டர் சொல்கிறார், டாக்டர் வீட்டில் டோக்கன் கொடுக்கிற பெண் சொல்கிறாள், அவளே சொல்கிறாள். அதைப் பிரித்தால் என்ன வருகிறது? ஆஃப், அன், அவர். ஹாஃப் ஆன் ஹவர். நடுவில் ஓர் ஆன் உட்கார்ந்திருக்கிறது! ஊரே ஆன் போட்டுச் சொல்கிறது, யாரும் ஆஃபவர் என்று சொல்வதில்லை, ஆஃப் ஏ அவர் என்று ஒருத்தர் வாயிலும் வந்ததில்லை. அப்படியானால் புத்தகம் மட்டும் ஏன் ஏ ஹவர் என்கிறது? அவள் ஏற்கெனவே அச்சாகி வந்திருந்த மூன்றாம் பாரத்தை இழுத்து நாற்பதாம் பக்கத்தைப் புரட்டினாள். பெட்டி போட்டு விதி. அந்தப் பெட்டியை அவள் எத்தனை புத்தகத்தில் பார்த்திருக்கிறாள், கண்ணை மூடிக்கொண்டே கோடு போடுவாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொன்னதுதான்: ஏ, இ, ஐ, ஓ, யூ, இந்த அஞ்சு எழுத்து வந்தா ஆன். அதைத்தானே எல்லாரும் போடுகிறார்கள். விரல் வைத்து வாசித்தாள், இந்தத் தடவை வாய்விட்டு. அஞ்சு எழுத்து என்று அதில் இல்லை. எழுத்து என்ற சொல்லே இல்லை. சவுண்ட் என்று இருந்தது. வவல் சவுண்ட். சவுண்ட் என்றால் சத்தம். ரேடியோவில் சவுண்டைக் குறை என்கிறோமே அந்த சவுண்ட். இத்தனை வருஷம் இந்தப் பெட்டிக்குள் ஒரு சத்தம் இருந்திருக்கிறது, அதை அவள் எழுத்து எழுத்தாகத் தடவிப் பார்த்துவிட்டு, எஸ் இருக்கிறதா ஓ இருக்கிறதா யூ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பக்கத்தைத் திருப்பிவிட்டாள்.

சத்தம்தான் கணக்கு என்றால் இது அவளுக்குத் தெரிந்த சங்கதி ஆயிற்றே. தமிழ்ப் புத்தகம் ஒப்பிடும்போது அவள் யாருக்கும் பயப்பட்டதில்லை. ஓர் ஊர், ஒரு வீடு. ஓர் ஆடு, ஒரு மாடு. உயிரெழுத்துக்கு முன்னால் ஓர், உயிர்மெய்க்கு முன்னால் ஒரு. எத்தனை பெரிய எழுத்தாளருடைய பிரதியிலும் ஒரு இரவு என்று வந்தால் சுழித்துக் கொடுப்பாள், அவர்களும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். அதுவும் சத்தம்தானே. ஓர் அவர். ஆகா, ஓர் அவர்! ஹவரில் ஹவை யார் சொல்கிறார்கள், அது எழுத்துக்கு நிற்கிறது, வாயில் இல்லை, வாயில் வருவது அவர், அ, முதல் உயிர். ஓர் என்றால் ஆன். ஆறாவது விடை, ஆன் யுனிவர்சிட்டி. எழுத்து யூ, அஞ்சில் ஒன்று. ஆனால் வாயில்? யு. யானைக்கு ய, யாழுக்கு ய, யுனிவர்சிட்டிக்கும் ய. ஒரு யானை என்போம், ஓர் யானை என்று சொன்னால் பல்லில் கல் கடிபடுகிற மாதிரி இருக்கும். ஒரு யானை, ஒரு யுனிவர்சிட்டி. ஏ யுனிவர்சிட்டி! ஏழாவது விடை, ஏ ஹானஸ்ட் மேன். ஹானஸ்ட் இல்லை, ஆனஸ்ட். ஓர் ஆனஸ்ட். ஆன். ஒன்பதாவது விடை, ஏ எம்.எல்.ஏ. எம் என்பது மெய்யெழுத்துதான் எழுத்தாகப் பார்த்தால், ஆனால் சொல்லும்போது எ, எம், ஓர் எம்.எல்.ஏ. ஆன். பதினொன்றாவது, ஆன் ஒன் டே மேட்ச். ஓர் ஒன். சரி, அது சரிதான், அதை விட்டுவிடலாம். அவள் விரல் அந்தப் பட்டியலில் மேலும் கீழும் ஓடியது. ஒவ்வொரு சொல்லாக வாயில் போட்டு மென்று பார்த்தாள், ஆப்பிள், அம்பரல்லா, யூனிபார்ம், ஐஸ்கிரீம். தனியாக உட்கார்ந்து யாரோ சோறு ஊட்டுகிற மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு, சிரிப்பும் வந்தது. விடை எழுதினவர் எழுத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார். கேள்வி எழுதினவர் சத்தத்தைக் கேட்டு எழுதியிருக்கிறார். இல்லாவிட்டால் ஹவரையும் யுனிவர்சிட்டியையும் எதற்குத் தேடிப் பிடித்து வைக்க வேண்டும், பிள்ளைகள் எழுத்தைப் பார்த்து ஏமாறுகிறார்களா, காதைக் கேட்டுத் தப்புகிறார்களா என்று பார்க்கத்தானே? கேள்வி கேட்ட மனுஷனும் விடை போட்ட மனுஷனும் ஒரே ஆளாக இருக்க முடியாது. நான் சொல்வது சரி. நான் சொல்வது சரிதானா? ஷீப்பிலும் அப்படித்தானே நினைத்தாய். அன்றைக்கும் இதே மாதிரிதான், அடடா விட்டுவிட்டாரே என்று. பத்தாவதில் இங்கிலீஷில் பெயிலாகிப் போனவள் நீ. அன்றைக்கு அவள் எழுத்தைப் பார்த்தாள், இன்றைக்குக் காது சொல்கிறது என்று யாரோ உள்ளே பதில் சொன்னார்கள். யார் அது, அவளேதான். காது உனக்கு எப்போது முளைத்தது? தெரியவில்லை, காமாட்சி பந்தியில் உட்கார்ந்த நேரத்தில் முளைத்திருக்கும். திருத்திவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாமா? கூடாது, அதைத்தான் ஷீப்பில் செய்தோம். திருத்தாமல் கையெழுத்துப் போட்டுவிடலாமா? பன்னிரண்டாயிரம் சுபிக்ஷா, பத்துப் பத்துத் தடவை, ஒவ்வொரு வரிக்கும் ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பார்கள். அவள் போனை எடுத்தாள். சிவப்பு மையில் இருந்த நம்பரை அழுத்தும்போது இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள்.

"யாரு?" என்றது போன். கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு கனத்த குரல்.

"சார், சிவகாசில இருந்து பேசுறேன் சார். பேரு சண்முகக்கனி. பிரஸ்ல உங்க புக்கைப் புரூப் பாக்கிறவ."

"அண்ணாச்சி எங்கே?"

"கல்யாணத்துக்குப் போயிருக்காங்க சார்."

"புக்கு லாரில ஏறிருச்சா?"

"இல்ல சார். கடைசிப் பாரத்தை நான் நிறுத்தி வச்சிருக்கேன்."

"நிறுத்தி வச்சிருக்கியா? யாரைக் கேட்டு நிறுத்தினே? முதல் பக்கத்துல சிவப்புல எழுதியிருந்தேனே, வாசிக்கலையா?"

"வாசிச்சேன் சார். எழுத்துக்கு எழுத்து அப்படியேதான் சார் இருக்கு. அதான் பயமா இருக்கு."

கனிக்குக் காதில் சூடு ஏறியது, சாப்பாட்டுத் தூக்குகள், மூடிகள், சிரிப்பு, எல்லாம் ஒரு நொடியில் வந்து போயிற்று, வைத்துவிடலாம், தப்பான நம்பர் என்று சொல்லி வைத்துவிடலாம். வைக்கவில்லை. மேஜை விளிம்பை இடது கையால் பிடித்துக்கொண்டாள்.

"சார், நாற்பதாம் பக்கத்துல பெட்டி போட்டு ஒரு விதி எழுதியிருக்கீங்க. சவுண்டுன்னு போட்டிருக்கீங்க. அது எழுத்தா சார், சத்தமா?"

"சத்தம். சத்தம்தான்! முப்பத்து நாலு வருஷம் கத்தியிருக்கேன், எழுத்தைப் பாக்காதீங்கடா, காதைத் திறங்கடான்னு. ஒருத்தனும் கேட்கல. அதுக்கு என்ன இப்போ?"

"விடைப் பக்கத்துல நாலாவது, ஏ ஹவர்னு இருக்கு சார்."

லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தாள். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"திரும்பச் சொல்லு."

"ஏ ஹவர். ஆறாவது, ஆன் யுனிவர்சிட்டி. ஏழாவது, ஏ ஹானஸ்ட் மேன். ஒன்பதாவது, ஏ எம்.எல்.ஏ. நாலும் தப்புன்னு எனக்குப் படுது சார். எனக்கு அவ்வளவு தெரியாது சார். ஆனா தப்புன்னுதான் படுது."

"தப்புதாம்மா" என்றார் அவர். குரல் கிணற்றை விட்டு மேலே வந்திருந்தது, வயசான குரல். "நாலும் தப்பு. மார்ச் மாசம் எனக்குக் கண்ணு ஆபரேஷன். விடை மட்டும் போட்டுக் கொடுங்கன்னு மருமகன்கிட்ட கொடுத்தேன். அவர் என்ஜினீயரு, அவருக்கென்ன தெரியாதுன்னு இருந்துட்டேன். அந்தத் திமிர்ல சிவப்பு மையில வேற எழுதினேன் பாரு." அதோடு நிற்காமல் கேட்டார்: "பதினொன்று என்ன போட்டிருக்கு? ஒன் டே மேட்ச்?"

"ஆன் சார். அது சரியா இருக்கு."

"எப்படிச் சரி?"

"ஓர் ஒன்..."

"ஒன் இல்ல. நம்ம ஊர்லதான் ஒன். உதட்டைக் குவிச்சுச் சொல்லு, வன்."

யாரும் இல்லாத மாடியில் கனி உதட்டைக் குவித்தாள். "வன்."

"இப்போ?"

"ஒரு வன்... ஏ சார்! ஏ வன் டே மேட்ச்!"

"அது என்ன, ஓர் ஒருன்னு நடுவுல என்னமோ சொல்றியே?"

அவள் சொன்னாள். முதலில் தயங்கித் தயங்கி, பிறகு வேகமாக. ஓர் ஆடு ஒரு மாடு, ஓர் அவர் ஒரு யானை, அந்தச் சொல்லைக் காதுக்குக் கேட்கிறபடி தமிழில் எழுதிப் பார்த்தால் முதல் எழுத்தே சொல்லிவிடும் சார், உயிராக இருந்தால் ஆன், உயிர்மெய்யாக இருந்தால் ஏ, அவ்வளவுதான் சார். சொல்லி முடித்த பிறகுதான் இத்தனை வார்த்தையை ஓர் ஆசிரியரிடம் தான் ஒரே மூச்சில் பேசியிருப்பது தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஏசுவடியான் சார் சிரித்தார். முதலில் இருமுகிறார் என்று நினைத்தாள். சிரிப்புதான். "முப்பத்து நாலு வருஷம்! தமிழ் வாத்தியார் பக்கத்து நாற்காலில உக்காந்திருந்தார், எனக்கு இது தோணலையே. நீ என்னம்மா படிச்சிருக்கே?"

"பத்தாவது சார். இங்கிலீஷ்ல போயிருச்சு."

"எத்தனை எடுத்தே?"

"முப்பத்து ரெண்டு."

"மூணு மார்க்கு நான் போடுறேன். நீ பாஸு."

இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சுவரில் ஒட்டியிருந்த தாளில் அவளுடைய எண் இல்லாமல் போனது. அன்றைக்கு அந்தச் சுவரின் முன்னால் நின்ற வெயில் வேறு, இந்த வெயில் வேறு. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வேர்வை என்று சொன்னால் யாரும் நம்புவார்கள்.

"அந்த விடைப் பக்கத்துல கீழே இடம் இருக்கா?" என்று அவர் கேட்டார்.

"நாலு வரி இருக்கு சார்."

"நீ இப்போ சொன்னதை அதுல எழுதிரு. தமிழ்லயே எழுது. எனக்கு வாசிச்சுக் காட்ட வேண்டாம். அப்புறம், தாயி, அந்தச் சிவப்பு மையைக் கொஞ்சம் மறந்துரு."

பக்கத்தை டைப் அடிப்பதும் அவள் வேலைதான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஐந்து விடையையும் திருத்தினாள். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பிறகு கீழே இருந்த வெள்ளையில் கர்சர் கோடு வந்து நின்று கண்ணைச் சிமிட்டியது. அவள் விரல்கள் விசைகள் மேல் இருந்தன, ஆனால் இடது பக்கத்தில் பிரதி இல்லை. எப்போதும் இடது பக்கத்தில் யாருடைய கையெழுத்தாவது இருக்கும், அதைப் பார்த்து விரல் போகும். இன்றைக்கு இடது பக்கத்தில் வெறும் மேஜை, ஒரு தண்ணீர்ப் பாட்டில். அவளாக ஒரு வாக்கியம் எழுத வேண்டும். லட்சக்கணக்கில் வாக்கியம் அடித்த கைக்குத் தன்னுடைய வாக்கியம் எங்கே ஆரம்பிக்கும் என்று தெரியவில்லை. ஒரு சொல்லுக்கு முன்னர் என்று ஆரம்பித்து அழித்தாள். உயிரொலியில் தொடங்கும் சொற்கள் என்று ஆரம்பித்து, இது யார் பேசுகிற தமிழ் என்று அதையும் அழித்தாள். யாருக்கு எழுதுகிறோம்? பதினொரு வயசு, பன்னிரண்டு வயசு. சுபிக்ஷாவுக்கு எழுதுகிறோம். இன்று சாயங்காலம் அவளிடம் சொல்லிவிட வேண்டும், அந்த ஒன்பதும் நீ சரியாகத்தான் எழுதினாய், வரியை விட்டது நான்தான் என்று. சொன்னால் என்ன ஆகிவிடும், ஒன்றும் ஆகாது, அம்மாவும் தப்பு விடுவாள், விட்டதைக் கண்டும் பிடிப்பாள் என்று தெரியும், அவ்வளவுதானே. அந்த நினைப்பு வந்ததும் விரல் தானாக ஓடியது. சொல்லை வாய்விட்டுச் சொல். காதில் விழுந்தபடி தமிழில் எழுதிப் பார். முதல் எழுத்து உயிர் என்றால் ஆன், உயிர்மெய் என்றால் ஏ. ஓர் ஆடு, ஒரு மாடு மாதிரிதான். நாலு வரி. ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எடுத்துப் புதிய தாளில் அடித்து, வாய்விட்டு வாசித்து, அடியில் வலது ஓரத்தில் கனி என்று போட்டாள். இந்தத் தடவை பேனா எங்கேயும் நிற்கவில்லை.

பிளேட் ஏறி, மை ஏறி, மிசின் கிளம்பியபோது மணி மூன்று. தரை அதிர்ந்தது. படியிறங்கி வந்த கனி, தங்கமாரி முதல் தாளை உருவி வெளிச்சத்தில் பிடித்திருப்பதைப் பார்த்தாள். அவன் வழக்கமாக மை ஒரே சீராக விழுந்திருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பான். இன்று உதடு அசைந்தது. வாசித்துக்கொண்டிருந்தான்.

"யக்கா, இந்தத் தமிழ் எப்படிக்கா இங்கிலீஷ் புக்குல வந்துச்சு?" என்று மிசின் சத்தத்துக்கு மேலே கத்தினான்.

"நான்தான் எழுதினேன்!"

"நீங்களா?" தாளை இன்னொரு தடவை பார்த்தான். பிறகு கண்ணைச் சுழற்றி பிரஸ்ஸைப் பார்த்தான். "அப்போ இங்க் டின்னுக்கு?"

"நீயே சொல்லு!"

"இ... ஓர் இங்க். ஆன்! ரோலரு? ரோ... ஏ! ஸ்க்ரூ டிரைவரு, ஏ! ஆயில் கேனு... ஆ... ஆன்!" மிசினைச் சுற்றி நடந்து கையில் அகப்பட்டதை எல்லாம் தட்டித் தட்டிச் சொன்னான். தாள்கள் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து விழுந்துகொண்டே இருந்தன. "மிசின்மேன்... ஏ. சே, அது வேண்டாம். ஆபரேட்டர்! ஐ ஆம் ஆன் ஆபரேட்டர்!" நெஞ்சில் தட்டிக்கொண்டான். மை ஐந்து விரலாகச் சட்டையில் பதிந்தது. "நீங்க என்னக்கா?"

கனி யோசித்தாள். டைப்பிஸ்ட், ஏ. புரூப் ரீடர், ஏ. ஒப்பிடுகிறவள், அதற்கு இங்கிலீஷில் என்ன சொல்வார்களோ. இன்னொரு சொல் இருந்தது. பெரிய புத்தகங்களின் முதல் பக்கத்தில், யாராவது படித்த மனுஷருடைய பெயருக்குக் கீழே அதை எத்தனையோ தடவை அடித்திருக்கிறாள். எ என்று ஆரம்பிக்கும். உயிர்.

"ஆன் எடிட்டர்!" என்று கத்தினாள்.

"என்னது? கேட்கலக்கா!"

மிசின் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு, தெரு வரைக்கும் கேட்கிற மாதிரி மறுபடியும் கத்தினாள்.